கோயிலுக்கு மேல் பாதை இல்லை

அம்மா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"இந்த ஞாயித்துக்கிழம நீ போற எடத்துக்கு உங்கப்பாவயும் இட்டுகினு போயேன்டி. ஒரு நாள் என் வூட்ல நான் தனியா இருந்துக்கறேன்."

அப்பா பக்கத்து அறையில் மிக்ஸியைப் பிரித்துப்போட்டுக்கொண்டிருந்தார். மிக்ஸி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் அதிகமாக வருகிறது என்று அவருக்குச் சந்தேகம்.

அவர் பெயர் முனிரத்தினம். ஐம்பத்திரண்டு வயசு. இருபத்தோரு வருஷம் ஒரு கார் கம்பெனியில் டோர் லைனில், கார்க் கதவு பொருத்தும் வேலை பார்த்தார். கம்பெனியை மூடி, செட்டில்மென்ட் கொடுத்து எல்லாரையும் அனுப்பிவிட்டார்கள். அது நடந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. இன்னும் காலை நாலரைக்கு எழுந்துவிடுவார். குளித்து, ஷேவ் பண்ணி, பேண்ட் போட்டுக்கொண்டு ஹாலில் நிற்பார். உட்காரச் சொன்னால் உட்காருவார். இரண்டு நிமிஷத்தில் எழுந்துவிடுவார். போன மாசம் சமையலறையில் இறங்கினார். தினமும் எடுப்பது முன்னால், வாரத்துக்கு ஒருதரம் எடுப்பது பின்னால் என்று டப்பாக்களைப் பிரித்து அடுக்கி, மார்க்கரால் பெயர் எழுதி ஒட்டினார். "இருவத்தஞ்சு வருஷமா கண்ண மூடிகினு எடுத்த உப்ப இப்ப படிச்சிப் பாத்து எடுக்க வேண்டி கீது" என்று அம்மா என்னிடம் சொன்னாள். அவள் தோசை ஊற்றும்போது பக்கத்தில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதையும் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

சரி என்றேன்.

ஒரகடத்தில் கார்களுக்கு ஒயரிங் செய்யும் கம்பெனி ஒன்றில் நான் லைன் ஆப்பரேட்டர். குவாலிட்டியில் இருக்கும் ஜெபகுமார் அண்ணன்தான் எங்களை மலை ஏற்றுகிறவர். பென்னலூர்க்காரர், பதறாதவர். மாசம் ஒரு ஞாயிறு சுற்றுவட்டாரத்தில் ஏதாவது ஒரு மலை. வாட்ஸ்அப் குரூப்பில் பன்னிரண்டு பேர் இருந்தாலும் வருவது நாலைந்து பேர்தான். இந்த முறை என் சிநேகிதி பேச்சி வந்தாள். தென்காசிப் பக்கத்துப் பெண், கம்பெனி ஹாஸ்டலில் இருக்கிறாள். ஜனார்தன் சாரும் வந்தார். ஸ்ரீபெரும்புதூரில் வீடு. எங்கள் லைனுக்கு அவர்தான் எஞ்சினியர். என் கான்ட்ராக்ட்டை நீட்டிக்கலாமா வேண்டாமா என்று எழுதும் தாளில் அவர் கையெழுத்தும் உண்டு.

காலை ஆறு மணிக்கு சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வாசலில் கூடினோம். பொங்கல் முடிந்த பனி. அப்பா கம்பெனியில் கொடுத்த பழைய சேஃப்டி ஷூவும், ஏதோ ஆண்டு விழாவில் கொடுத்த ஆரஞ்சு டி-ஷர்ட்டும் போட்டிருந்தார். பையில் இரண்டு ஜோடி கையுறை, தீரப்போகும் ஒரு மஞ்சள் டேப் சுருள். தொழிற்சாலைத் தரையில் கோடு போட ஒட்டுவார்களே, அது.

"டைம் டார்கெட் இன்னா?" என்று ஜெபா அண்ணனைக் கேட்டார்.

"டார்கெட்லாம் இல்ல அங்கிள். சும்மா ஏறி எறங்கறதுதான்."

"சும்மான்னா எப்டி? ஒரு டைம் வெச்சிக்கினாதான ஏற முடியும்."

பேச்சி வாயைப் பொத்திக்கொண்டாள். நான் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டேன்.

ஷேர் ஆட்டோ பாலாற்றுப் பக்கமாகப் போய், ஒரு ஏரிக்கரை ஓரம் இறக்கிவிட்டது. கொண்டைக்கல் மலை அங்கிருந்து எழுகிறது. பெரிய மலை ஒன்றும் இல்லை. பாதி உயரத்தில் ஒரு சின்ன முனீஸ்வரன் கோயில். அதுவரைக்கும் சுண்ணாம்பு அடித்த படிகளும் மண் பாதையும் உண்டு. அதற்கு மேல் உச்சிவரை முள்ளும் பாறையும்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருதரம் மேலே போயிருப்பதாக ஜெபா அண்ணன் சொன்னார். எந்த வழியாக என்பது அவருக்கே சரியாக நினைவில்லை.

படிகளில் அப்பா எங்களுக்கு முன்னால் போய்விட்டார். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று வாட்சைப் பார்த்தபடி காத்திருப்பார். நாங்கள் போய்ச் சேர்ந்ததும் மறுபடி கிளம்பிவிடுவார். யாருக்கும் மூச்சு வாங்க நேரம் கிடைக்கவில்லை. "ஷூ லேசு அவுந்துகீது, கட்டு" என்று ஜனார்தன் சாரிடம் சொன்னார். சார் குனிந்து கட்டினார். முகம் கடுத்திருந்தது.

கோயிலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தோம். அப்பா மட்டும் நின்றுகொண்டே மேலே பார்த்தார்.

"நேரா போனா நாப்பது நிமிஷம்" என்றார்.

"நேரா பாறை அங்கிள். நாம கெழக்கால சுத்திப் போலாம்" என்றார் ஜெபா அண்ணன்.

"சுத்துனா டைம்தான் வேஸ்டு."

ஜனார்தன் சார் போனில் சாட்டிலைட் படத்தை விரித்துப் பார்த்து, கிழக்கே ஒரு வெட்டவெளி தெரிகிறது என்றார். கிழக்கேயே போனோம்.

அந்த வெட்டவெளியை நாங்கள் கடைசிவரை பார்க்கவில்லை. உன்னிச்செடி இடுப்பளவுக்குப் பின்னிக்கிடந்தது. அதைத் தாண்டினால் காரைமுள். ஒரு கிளையை விலக்கிப் பிடித்தால் பின்னால் வருகிறவர் முகத்தில் அடிக்கும், விட்டால் நம் தோளில் கொக்கி போடும். ஒட்டுப்புல் முழங்கால்வரை ஏறி, சாக்ஸுக்குள் போய்க் குத்தியது. பத்தடி ஏறினால் ஐந்தடி பக்கவாட்டில் நகர வேண்டியிருந்தது. ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகு திரும்பிப் பார்த்தேன். கோயில் கூரை கல்லெறியும் தூரத்தில் இருந்தது.

அப்பா இத்தனை நேரமும் பேசிக்கொண்டே வந்தார். ஒரு ஆள் பின்னால் ஒரு ஆள் போகணும், இடைவெளி இரண்டடி, முன்னால் போகிறவனைப் பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் மாற்றணும். சொன்னது எதுவும் தப்பில்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது.

பதினொரு மணிக்கு ஒரு சரிந்த பாறை கிடைத்தது. நிழலும் இருந்தது. சாப்பிட்டுவிடலாம் என்றார் ஜெபா அண்ணன். புளிசாதப் பொட்டலங்களைப் பிரித்தோம். அப்பா வாங்கிக்கொள்ளாமல் நின்றார்.

"இங்க உக்காந்தா உடம்பு விட்டுடும். மேல போயி சாப்டலாம். இப்பவே முக்கா மணி நேரம் லேட்டு."

ஜனார்தன் சார் சாதத்திலிருந்து கையை எடுத்தார்.

"எதுக்கு லேட்டு சார்? இது லைன் இல்ல. ஒரு பத்து நிமிஷம் உக்காருங்க. ஓடறதுக்கு உங்க கம்பெனியும் இல்லையே இப்போ."

நான் சிரித்தேன்.

சிரிப்பு எப்படி வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தினமும் ஜனார்தன் சார் லைனுக்கு வந்து ஏதாவது சொன்னால் நாங்கள் எல்லாரும் சிரிப்போம். அந்தப் பழக்கமாக இருக்கலாம். காலையிலிருந்து அடக்கி வைத்த எரிச்சலாகவும் இருக்கலாம். சத்தமாகச் சிரிக்கவில்லை. ஆனால் அப்பா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பையைக் கழற்றி, அதிலிருந்து எதையோ எடுத்துக்கொண்டு, என் பக்கத்தில் வைத்தார். "ஒண்ணுக்குப் போய்ட்டு வரேன்" என்று புதருக்குப் பின்னால் போனார்.

சாப்பிட்டு முடித்தோம். கை கழுவினோம். இருபது நிமிஷம் ஆகியிருந்தது.

"ப்பா" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. போன் அடித்தேன். என் பக்கத்தில் இருந்த பைக்குள்ளேயே அது அடித்தது.

ஜெபா அண்ணன் எழுந்து எல்லாரையும் எண்ணினார். நாலு பேரை எதற்கு எண்ண வேண்டும் என்று தெரியவில்லை, ஆனாலும் எண்ணினார். பேச்சிதான் முதலில் கண்டுபிடித்தாள். புதருக்குப் பின்னால் ஒரு கிளையில் மஞ்சள் டேப் துண்டு கட்டியிருந்தது. அதற்கு மேலே பத்தடி தள்ளி இன்னொன்று.

"மாமா நேரா மேல போயிருக்காவ" என்றாள்.

கோபத்தில் போகும்போதுகூட அவர் வழியைக் குறித்துக்கொண்டு போயிருந்தார்.

டேப் துண்டுகளைத் தொடர்ந்து ஏறினோம். அவர் போன வழி எங்கள் வழியைவிட மோசம். அத்தனை உயரமும் அகலமுமான ஒரு மனுஷன் எப்படி இதற்குள் புகுந்தார் என்றே தெரியவில்லை. ஓரிடத்தில் முள் சுவர் மாதிரி நின்றது, டேப் அதற்கு அந்தப் பக்கம் தெரிந்தது. பேச்சி தரையோடு படுத்துப் பார்த்தாள். "பன்னி போற தடம் இருக்குட்டி. அடியில ஊர்ந்து வந்துரு" என்று முதலில் நுழைந்தாள். வயிற்றால் ஊர்ந்து போனோம். ஜனார்தன் சாரின் சட்டை முதுகில் நீளமாகக் கிழிந்தது. அவர் ஊர்வதை நிறுத்தவில்லை.

பதினேழு டேப் துண்டு. நான் எண்ணிக்கொண்டே வந்தேன். பதினேழாவதற்குக் கீழே காலி அட்டைச் சுருள் கிடந்தது. அதற்கு மேல் வெறும் புதர்.

"பிரிஞ்சி தேடலாமா?" என்றார் ஜனார்தன் சார்.

"வேணாம்" என்றார் ஜெபா அண்ணன். "அப்புறம் அஞ்சு பேரத் தேடணும். மேல போயிடுவோம். மேலருந்து எல்லாம் தெரியும்."

"அவரு விழுந்திருந்தா கத்தியிருப்பார் இல்ல?"

"எங்கப்பா கத்த மாட்டாரு சார்" என்றேன்.

அம்மாவுக்கு என்ன சொல்வது என்று யோசித்தேன். ஒரு நாள் தனியாக இருந்துகொள்கிறேன் என்றுதானே கேட்டாள். முள் கிழித்தது எதுவும் உறைக்கவில்லை. பாறை வந்ததும் நாலு காலில் ஏறினேன். கடைசிப் பாறையில் ஜெபா அண்ணன் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். அதுதான் உச்சி.

அங்கே யாரும் இல்லை.

நாலு பக்கமும் வெயில். வடக்கே கம்பெனிக் கூரைகள் வரிசையாக, நீலமும் வெள்ளையுமாக. வெளியே ஏற்றுமதிக்கு நிற்கும் கார்கள் மிளகு கொட்டியது மாதிரி. பாலாறு மணலாகக் கிடந்தது. வேறு நாளாக இருந்தால் போட்டோ எடுத்திருப்போம். நான் விளிம்பு விளிம்பாக ஓடிக் கீழே பார்த்தேன். ஜெபா அண்ணன் என் துப்பட்டாவைப் பிடித்து நிறுத்தினார்.

"ஏட்டி, அந்தா" என்றாள் பேச்சி.

மேற்குச் சரிவில் நாற்பது அடி கீழே, இரண்டு பாறைகளுக்கு நடுவே, ஒரு துணுக்கு ஆரஞ்சு.

அப்பா உச்சிக்கு வந்துவிட்டு, எங்களுக்காகக் காத்திருக்காமல் அந்தப் பக்கமாக இறங்கியிருக்கிறார். மேற்கே அடிவாரத்தில் ஒரு பழைய கல்குவாரியும், அதிலிருந்து ரோட்டுக்குப் போகும் வண்டித் தடமும் தெரிந்தன. அவர் தனியாகவே வீட்டுக்குப் போய்விடலாம் என்று கிளம்பியிருந்தார்.

நாங்கள் இறங்கிப் போனபோது அவர் பாறையில் சாய்ந்து, ஒரு காலை மடக்கி இருந்தார். இன்னொரு கால் இடுக்குக்குள் கணுக்கால் வரை சிக்கியிருந்தது. சறுக்கி விழுந்த வேகத்தில் சேஃப்டி ஷூவின் இரும்பு முனை கல்லுக்குள் ஆப்பு மாதிரி இறங்கிவிட்டது. குனிந்து லேசைத் தொட முடியாத கோணம். முகம் வெளுத்திருந்தது. உதடு காய்ந்து வெடித்திருந்தது.

"எவ்ளோ நேரமா இப்டி இருக்க?" என்றேன்.

"ஒரு மணி நேரம் அஞ்சு நிமிஷம்."

"கூப்ட வேண்டியதுதான?"

"நீங்க சாப்ட்டுகினு இருந்தீங்க."

ஜனார்தன் சார் பாறையில் குப்புறப் படுத்தார். தோள்வரை இடுக்குக்குள் கையை விட்டு, தடவித் தடவி லேசைத் தேடினார். அப்பா மேலிருந்து சொல்ல ஆரம்பித்தார். "மொதல்ல மேல் முடிச்சி. இஸ்க்காத, உள்ள தள்ளு. லெஃப்ட்ல தள்ளு. அப்டி இல்ல..."

"வாய மூடுப்பா" என்றேன்.

பிறந்ததிலிருந்து அவரிடம் நான் அப்படிப் பேசியதில்லை. மலையில் அது பலமாகக் கேட்டது. அப்பா வாயை மூடிக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் லேசு அவிழ்ந்தது. ஜெபா அண்ணன் அப்பாவின் அக்குளில் கைகொடுத்துத் தூக்க, கால் மட்டும் வெளியே வந்தது. ஷூ உள்ளேயே நின்றுவிட்டது. சாக்ஸுக்கு மேலே கணுக்கால் பந்து மாதிரி வீங்கியிருந்தது. பேச்சி தன் துப்பட்டாவைக் கிழித்து இறுக்கிக் கட்டினாள். ஜெபா அண்ணன் குவாரிக்கு வழி பார்த்து வருவதாக இறங்கினார். ஜனார்தன் சாரும் கூடப் போனார். போவதற்கு முன் அப்பாவின் முன்னால் நின்றார்.

"நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது சார்."

"பரவால்லப்பா. முள்ளு கிழிச்சிகீது பாரு, வூட்டுக்குப் போயி மருந்து போடு."

பேச்சி கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்தாள். நான் அப்பாவுக்குத் தண்ணீர் கொடுத்தேன். புளிசாதத்தைக் கொடுத்தேன். சாப்பிட்டார். சாப்பிடும்போது நல்ல கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

"நான் சிரிச்சது தப்புப்பா."

"அவன் சொன்னது தமாஷாத்தான் இருந்துது." ஒரு கவளம் தின்றார். "உன் எஞ்சினியர் சொன்னா நீ சிரிக்கத்தான் செய்யணும். நான் சிரிச்சதில்லையா?"

"அதுக்கு எதுக்குத் தனியா போன?"

அவர் கையில் ஒட்டிய பருக்கையைப் பாறையில் தேய்த்தார்.

"எனுக்கே தெரியலமா. உக்காந்தா ஒடம்புக்குள்ள இன்னாமோ ஓடிகினே கீது. நின்னாத்தான் அது நிக்குது. நடந்தா இன்னும் நல்லாகீது. கம்பெனி மூடுன மறுநாள் அஞ்சு மணிக்கு பஸ் ஸ்டாப்புல போய் நின்னுட்டேன். யூனிபார்ம் போட்டுகினு. அங்க போனப்பறந்தான் ஞாபகம் வந்துது. சரி வந்துட்டமேன்னு நின்னேன். அதுக்கப்பறமும் ஒரு எட்டு நாள் போனேன். ஒவ்வொரு கம்பெனி பஸ்ஸா போவும். உன் பஸ்சு வர்ற நேரத்துக்கு மட்டும் டீக்கட பின்னால போயிடுவேன்."

அந்த எட்டு நாளும் நான் அந்த பஸ்ஸில் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டு போயிருக்கிறேன்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"வாக்கிங் போறேன்னு சொன்னேன். அவளும் நல்லதுன்னா."

தோளைத் தொடலாமா என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை. அவர் சாக்ஸில் ஒட்டியிருந்த ஒட்டுப்புல்லை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருதரம்கூட எப்படிப் பிடுங்க வேண்டும் என்று சொல்லவில்லை.

வழி பார்க்கப் போனவர்கள் திரும்பி வந்ததும் கிளம்பினோம், இறங்க மூன்றரை மணி நேரம் ஆனது. பாறை வந்த இடங்களில் அப்பா உட்கார்ந்தபடியே வழுக்கி இறங்கினார். மண் வந்த இடங்களில் ஜெபா அண்ணனும் ஜனார்தன் சாரும் இரண்டு பக்கமும் தோள் கொடுத்தார்கள். உயரம் சரியாக இல்லாததால் மூன்று பேரும் கோணிக்கொண்டே நடந்தார்கள். குவாரித் தடத்தில் கால் வைத்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. ரோட்டில் ஆட்டோவுக்காக நின்றபோது ஜனார்தன் சார் கேட்டார்.

"டோர் லைன்ல என்ன சார் பண்ணீங்க?"

"ஃபிட்மென்ட். ஒரு டோருக்கு அம்பத்தெட்டு செகண்டு."

"அம்பத்தெட்டா? டோருக்கும் பாடிக்கும் நடுவுல கேப் எப்படி செட் பண்ணுவீங்க அதுக்குள்ள?"

அப்பா சொல்ல ஆரம்பித்தார். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிவரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார். சார் நடுநடுவே கேள்வி கேட்டார். மரியாதைக்குக் கேட்ட கேள்விகள் மாதிரி எனக்குத் தெரியவில்லை. பேச்சி என் தோளில் தூங்கிவிட்டாள்.

கணுக்காலில் விரிசல். ஆறு வாரம் கட்டு, காலைத் தரையில் ஊன்றக் கூடாது என்றார் டாக்டர். ஐந்து வாரம் போதாதா என்று அப்பா கேட்டார். வீட்டில் அம்மா கட்டைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், உள்ளே போய் சுடுதண்ணீர் வைத்தாள்.

அந்த ஆறு வாரம் எங்கள் மூன்று பேருக்குமே கஷ்டம். அதை இங்கே சொல்லப் போவதில்லை. ஐந்தாவது வாரத்தில் ஒரு ராத்திரி சாப்பாட்டின்போது அப்பா பஸ் ஸ்டாப் விஷயத்தைத் தானே அம்மாவிடம் சொன்னார். அம்மா சாதம் பரிமாறிக்கொண்டே, "தெரியும். டீக்கடக்காரன் பொண்டாட்டி அன்னிக்கே சொல்லிட்டா" என்றாள்.

ஏப்ரலில் அவராகவே அலைந்து ஒரு வேலை பிடித்தார். ஒரகடம் பக்கத்தில் ஒரு யார்டு. புதுக் கார்களை லாரியில் ஏற்றுவதற்கு முன் கதவு, கண்ணாடி, கீறல் பார்த்து எழுதுகிற வேலை. கான்ட்ராக்ட்தான். பழைய வேலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. நாள் முழுக்க வெயிலில் நடக்க வேண்டும். இந்த வயசில் இது தேவையா என்று சித்தப்பா கேட்டார். அப்பா ஷூ வாங்கப் போய்விட்டார்.

போன ஞாயிறு மத்தியானம் நான் ஓ.டி. முடித்து வந்தபோது கதவு ஒருக்களித்திருந்தது. அம்மா வாசல்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் உதட்டில் விரல் வைத்தாள்.

உள்ளே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா ஹாலில் வெறுந்தரையில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தார். வாய் கொஞ்சம் திறந்திருந்தது.

"ரெண்டு மணிலருந்து தூங்கறாரு" என்றாள் அம்மா. "செருப்ப வெளியவே வுட்டுட்டு வா. சத்தம் போடாத."